பாட்டுக்காரரின் பல்செட்

மார்ச் 3, செவ்வாய்

இன்று பின் அறைக்கே வந்துவிட்டார் பாட்டுக்காரர். பல் டாக்டரிடம் வருகிற யாரும் என் அறைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. பல்செட்டை டாக்டரே செய்கிறார் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். மெழுகும் பிளாஸ்டருமாக நான் ஒருத்தி உள்ளே உட்கார்ந்திருப்பது யாருக்குத் தெரியும்? தெரியாவிட்டால் போகட்டும். இருபத்திரண்டு வருஷமாக இந்த ஊரில் பாதிப் பேர் என் கைவேலையோடுதான் சிரிக்கிறார்கள்.

கவ்வாலி கோஷ்டியில் நடு இடத்தில் உட்கார்ந்து முதல் குரல் கொடுப்பவர். அறுபத்து மூன்று வயது. மேல் பல் மொத்தமும் போய் எட்டு மாதம். அன்றிலிருந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து கை மட்டும் தட்டுகிறார். போன வாரம் செட் கொடுத்தாயிற்று. பேப்பரை உரக்கப் படிக்கச் சொல்லி நானே கேட்டேன், பேச்சு கச்சிதமாக இருக்கிறது. பாடத்தான் பயப்படுகிறார்.

"பாதிப் பாட்டுல கழண்டு விழுந்தா என்னம்மா பண்றது? எட்டு மாசமும் வாயைத் துண்டால மறைச்சுக்கிட்டேதான் இருந்தேன், பல்லில்லாத மூஞ்சிய என் வீட்டுக்காரிகூடப் பார்த்ததில்ல. இப்பவும் கதவைத் தாழ் போட்டுட்டுத்தான் கழட்டுவேன்."

அடுத்த மாதம் பெரிய மண்டபத்தில் கச்சேரி. அதற்குள் பாடாவிட்டால் நடு இடம் அவருடைய அக்கா மகனுக்கு என்று கோஷ்டியில் பேசி முடித்துவிட்டார்களாம்.

"முதல்ல எங்க வீட்டுல பாடுங்க ஐயா. முப்பது பேர்தான். நான் செஞ்ச பல்லு, விழாது" என்றேன். சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் எனக்கு இல்லை.

மார்ச் 6, வெள்ளி

வீட்டில் இவரிடம் சொன்னேன். "நம்ம ஹால்ல முப்பது பேரா? சோபாவை எங்க வைக்கிறது, என் தலையிலயா?" என்றார். படுக்கையறையில் என்று முடிவாயிற்று.

முதல் பாதி கவ்வாலி. இரண்டாம் பாதி நாத்தனாரின் வீணை. இவருடைய அக்கா, எங்களுக்குள் 'கலெக்டர்' என்று பெயர். அவர் கணவர் காலை நடைக்குப் போன இடத்தில் மாரடைப்பு வந்து இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அன்றும் சரி, பிறகும் சரி, ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டு நாங்கள் பார்த்ததில்லை. வீணையைத் தூசி தட்டி வைப்பதோடு சரி.

"ஒரே ஒரு ராகம். நாற்பது நிமிஷம். அதுக்கு மேல கேக்காதே" என்றார். சம்மதித்ததே பெரிய விஷயம்.

மார்ச் 11, புதன்

ஒத்திகைக்கு வரமாட்டேன் என்கிறார் பாட்டுக்காரர். வரவேண்டாம், என் வேலை மேல் எனக்கு நம்பிக்கை இருக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

எல்லாரும் போயாச்சு. விசில்! நான் செஞ்ச பல்லு விசிலடிச்சுதே! பேப்பர் படிக்கச் சொன்னேன், ஒரு வரி பாடிக் காட்டுங்கன்னு சொல்லத் தோணலையே — என்ன புத்தி எனக்கு?

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததை இப்போது எழுத முடியாது. நாளைக்கு.

மார்ச் 16, திங்கள்

நிதானமாக எழுதுகிறேன்.

நாலு மணிக்கு ஆரம்பித்தார்கள். ஆர்மோனியம், டோலக், கை தட்ட நாலு பேர். நடுவில் பாட்டுக்காரர், பக்கத்தில் அவருடைய அக்கா மகன். முதல் பாட்டு பிரமாதம். சமையலறை வாசலில் நின்று, ஏதோ நானே பாடுவதுபோலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இரண்டாவது பாட்டில் குரல் மேலே ஏறியது. அண்ணாந்து, வாயை முழுசாகத் திறந்து எடுத்தார்:

"சொல்லாமல் போனவனே, வாசலைச் சாத்தவில்லை."

ஒவ்வொரு 'ச'வுக்கும் ஒரு விசில். பின்னால் யாரோ, "ரெண்டு விசில் வந்தாச்சு, அடுப்பை அணைங்க" என்று கிசுகிசுக்க, அந்த மூலையே குலுங்கியது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. அக்கா மகன் சட்டென்று அடுத்த வரிக்குத் தாவப் பார்த்தார். அவர் மேல் குற்றமில்லை, மாமாவைக் காப்பாற்றத்தான்.

அப்போது முன் வரிசையில் நாத்தனார் கையைத் தூக்கினார். "இன்னொரு தடவை."

கவ்வாலியில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு வரி கேட்பவரைப் பிடித்துக்கொண்டால், அவர் அதிலிருந்து மீளும்வரை பாடுகிறவர் அந்த வரியை விட்டு நகரக் கூடாது, எத்தனை தடவையானாலும். பாட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாத்தனாரைப் பார்த்தபடி மறுபடி பாடினார், விசிலோடு. மறுபடியும். பதினொன்று வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை, நாத்தனார் அழுதுகொண்டிருந்தார். எங்கள் கலெக்டர்! வாய்விட்டு, தோள் குலுங்க. இவர் போய் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். மூலையில் சிரித்தவர்கள் குனிந்த தலை நிமிரவில்லை.

இடைவேளையில் பாட்டுக்காரரிடம் போனேன். "ஐயா, தப்பு என்னோடது."

"விடும்மா. நடு இடத்துக்குத்தான் ஆள் இருக்கே" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நாத்தனார் முகம் கழுவிக்கொண்டு வந்து வீணையை எடுத்தார். பூர்விகல்யாணி. வெறும் ராகம், தாளம் இல்லை, சொல் இல்லை. பத்து நிமிஷம் போயிருக்கும். பாட்டுக்காரர் எழுந்து உள்ளே போனார். கோபித்துக்கொண்டு கிளம்புகிறாரோ என்று நானும் பின்னாலேயே போனேன். வாஷ்பேசின் கண்ணாடி முன் நின்று செட்டைக் கழற்றினார், கழுவினார், கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உதடு உள்ளே மடிந்து, பத்து வயது கூடிய முகம். நான் நிற்பது தெரிந்தும் முகத்தைத் திருப்பவில்லை. அப்படியே முப்பது பேரைத் தாண்டிப் போய், வீணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து "ஆ..." என்று ஆரம்பித்தார்.

ஆலாபனைக்குச் சொல் வேண்டாம். சொல் வேண்டாமென்றால் பல் எதற்கு? பல்செட் செய்கிற எனக்கல்லவா இது முதலில் தோன்றியிருக்க வேண்டும்? அண்ணத்தை மூடிய தகடு போனதும் குரல் எங்கள் ஹாலுக்குள் அடங்கவில்லை. வீணை ஒரு பிடி சொல்லி நிறுத்தும், அவர் அதை வாங்கி வேறெங்கோ கொண்டுபோவார், வீணை துரத்திக்கொண்டு போகும். அக்கா மகன் கை கூப்பியபடி உட்கார்ந்திருந்தார். நாத்தனார் சொன்ன நாற்பது நிமிஷம் எப்போதோ தாண்டிவிட்டது. கடிகாரத்தை யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 19, வியாழன்

பாட்டுக்காரரை நாற்காலியில் உட்காரவைத்து, உச்சத்தில் பாடச் சொன்னேன். வெளியே காத்திருந்த ஒருவர், மரத்துப்போக ஊசி போடாமலே பல்லைப் பிடுங்குகிறார்கள் என்று பயந்து எழுந்து போய்விட்டாராம். டாக்டருக்கு என் மேல் கோபம். இருக்கட்டும்.

முன்பல்லுக்குப் பின்னால் தகடு தடிப்பு. அண்ணாந்து பாடும்போது நாக்கு அங்கே இடிக்கிறது. தேய்த்தேன், பாடச் சொன்னேன், மறுபடி தேய்த்தேன். பதினாலாவது தடவை விசில் நின்றது. இதுபோல ஒரு செட் இந்த ஊரில் யார் வாயிலும் கிடையாது. எழுதி வைக்கிறேன், பெருமைக்குத்தான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இவருக்குக் காய்ச்சல், அதனால் நேற்று மண்டபத்துக்குப் போக முடியவில்லை. காலையில் பாட்டுக்காரரே போன் செய்தார். நடு இடத்தில் அவர்தான். இரண்டரை மணி நேரம், ஒரு சொல் பிசகவில்லை.

"நான் சொல்லலையா?" என்றேன்.

"சொன்னே, சொன்னே. கேளு. கடைசில ஒரு ராகம் பாடுங்கன்னு சபையில கேட்டாங்க. கழட்டி வச்சுட்டுப் பாடினேன்."

"மேடையிலயா? ஆயிரம் பேர் முன்னாடியா? கூச்சமா இல்லையா ஐயா?"

"அதெல்லாம் உங்க வீட்டுலயே போயிடுச்சும்மா."

போனை வைத்த பிறகும் சிரித்துக்கொண்டே இருந்தேன், கண் நிறைந்துவிட்டது. நான் செய்ததிலேயே நல்ல பல்செட் அது. அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடினார் என்று கேட்டு இவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைக்கவில்லை.