ஏழாவது நிகழ்ச்சி

டுலூத்
28 டிசம்பர் 1978

அன்பு மகன் ரெய்னோவுக்கு,

அம்மா எழுதுவது. நான் நலம். முழங்கால்தான் குளிருக்கு முரண்டு பிடிக்கிறது. ஜப்பானில் உன் கப்பலுக்கு அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்து சேர்ந்தனவா?

ஊர்ச் செய்தி கேட்டிருந்தாய். வருடக் கடைசி அல்லவா, நம் பத்திரிகை இந்த ஆண்டின் முக்கிய நிகழ்ச்சிகள் என்று பத்தைப் போட்டு, ஒன்றுக்கு வாக்களித்துச் சீட்டை வெட்டி அனுப்பச் சொல்லியிருக்கிறது. முதலாவது, மே மாதம் செருப்புக் கடைக்குள் கரடி புகுந்தது. நான்காவது, தூக்குப் பாலம் பாதியில் நின்று கல்யாண மாப்பிள்ளை அக்கரையில் மாட்டிக்கொண்டது. ஏழாவது, நவம்பரில் ஏரிக்குப் போன மீனவர் அர்வோ படகோடு காணாமல் போனது.

உன் அப்பாவுக்கு ஏழாவது இடம். கோபப்படுவதா வேண்டாமா என்றே எனக்குப் புரியவில்லை. பத்திரிகைக்குப் போன் செய்து அதை எடுத்துவிடச் சொன்னேன். அங்கிருந்த பெண், "இது இந்த வருஷம் நடந்ததுதானே மேடம்?" என்றாள். நடந்து முடிந்ததா, இன்னும் நடக்கிறதா என்று எனக்கே தெரியாதபோது என்ன சொல்ல? உனக்குத் தந்தி கொடுத்த பிறகும், கடல் மாதிரி விரிந்த இந்த ஏரியில் படகின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை.

பக்கத்து வீட்டு வெர்னாவோ, "பேசாம இரு ஹெல்மி, சர்ச்சுல நாப்பது சீட்டு சேர்த்துட்டேன். அர்வோவ ஒரு கரடிகிட்ட தோக்க விட்டுடுவோமா?" என்கிறாள். நல்ல மனசுதான். ஆனால் கரடி வந்தபோது அந்தக் கடையில் பூட்ஸ் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததே உன் அப்பாதான். ஒற்றைப் பூட்ஸோடு வீடு வரை ஓடி வந்து, "அதோட சைஸ் இல்லையாம், திரும்பிப் போயிடுச்சு" என்று சிரித்தார். மறுநாள் கடைக்காரர் இன்னொன்றையும் கொடுத்தனுப்பினார். அந்த பூட்ஸோடுதான் கடைசியாகப் படகேறினார். ஒன்றில் அவர் இருக்கிறார், ஏழில் இல்லை. நான் எதற்குப் போட? அவரைக் கேட்டால் கரடிக்குத்தான் போடுவார்.

பாஸ்டர் நினைவு ஆராதனைக்குத் தேதி கேட்கிறார். ரெய்னோ வரட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். இனி மீன்பிடிப் படகில் கால் வைக்க மாட்டேன் என்று நீ சண்டை போட்டுக் கப்பல் வேலைக்குப் போனதை அப்பா மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆணியில் தொங்கும் உன் மழைக்கோட்டை யாரையும் தொட விட்டதில்லை.

சீட்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே குறி போடு. ஜனவரி ஐந்து கடைசி நாள், கடிதம் உன்னை அடையும்போது அது தாண்டியிருக்கும். பரவாயில்லை. தபாலில் மட்டும் திருப்பி அனுப்பாதே, கையில் கொண்டு வா. அதுவரை கர்த்தர் உன்னைத் தண்ணீரிலிருந்து காக்கட்டும்.

உன் அம்மா,
ஹெல்மி