துரை இட்ட முட்டை

3-8-66, புதன்

புழுக்கம். கடல் காற்று இல்லை. எண்ணூர்ப் பக்கத்துப் புகை தெரு மேல் அப்படியே நிற்கிறது.

தைக்க வேண்டியவை: மாதா திருநாளுக்கு வெள்ளை கவுன் மூன்று, கழுத்துப்பட்டி, பொத்தான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. போன வாரம் மழையில் ஹார்பர் கிரேன் ஏணியில் இவருக்குக் கால் வழுக்கியது. இடது கால் மாவுக்கட்டில். இனி மேலே ஏறலாமா கூடாதா, டாக்டர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கூரையைப் பார்த்தபடி படுத்திருக்கிறார். என்னைக் கண்டதும் ஒரே கேள்வி, “துரை இன்னா பண்றாரு?”

துரை நன்றாகத்தான் இருக்கிறார். சிங்கப்பூர்க் கப்பல்காரன் ஒருவன் இவருக்குக் கொடுத்துவிட்டுப் போன கிளி. கோழியை விடப் பெரிது, உடம்பெல்லாம் வெள்ளை, மஞ்சள் கொண்டை. அதனால் துரை. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே இந்த வீட்டில். எனக்கு மாமியார் இல்லாத குறையைத் தீர்த்து வைத்தது அதுதான். இவர் தோளில் குழந்தை மாதிரி, என்னைக் கண்டால் கொத்து.

இன்று கடித்தவை: துணி க்ளிப் நான்கு, ஜன்னல் கட்டை, என் கட்டைவிரல்.

5-8, வெள்ளி

துரை முட்டை போட்டுவிட்டார்.

என் துண்டுத்துணிக் கூடைக்குள். இரண்டு நாளாக அதற்குள் புகுந்து கிழித்துக்கொண்டிருந்தது, விளையாட்டு என்று விட்டிருந்தேன். காலையில் விரட்டப் போனால் வெள்ளைத் துணி நடுவே வெள்ளையாக ஒன்று.

பக்கத்து வீட்டு காதர் பாயைக் கூப்பிட்டுக் காட்டினேன். மொட்டை மாடியில் புறா வளர்ப்பவர், பறவை விஷயம் தெரிந்தவர். சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார். “இத்தினி வருசமா துரை துரைன்னு கூப்ட்டுகினு கீறீங்க. இது துரைசானி மா.” ஜோடி இல்லாமல் போட்ட முட்டை, பொரிக்காது என்றார்.

இவரிடம் சொல்லவில்லை. ஏன் என்று தெரியவில்லை. சிரிப்பாரோ, அழுவாரோ.

7-8, ஞாயிறு

பூசையிலிருந்து வந்து பார்த்தால் வைத்த கடலை வைத்தபடி. நேற்றும் அப்படித்தான். தேங்காய்ச் சில், டீயில் தோய்த்த பன், எதுவும் தொடவில்லை. கூடையை விட்டு எழுவதில்லை. கொண்டை தொங்கிவிட்டது. அடிக்கடி வாசல் பக்கம் பார்க்கிறது.

கத்தல் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று எத்தனை நாள் ஆசைப்பட்டிருப்பேன். இன்று அந்த அமைதி பிடிக்கவில்லை. இது செத்துப் போனால் இவருக்கு என்ன பதில் சொல்வேன்? அந்தக் கட்டிலில் இவரைப் பிடித்து வைத்திருப்பதே துரை பற்றிய பேச்சுதான்.

ஆஸ்பத்திரியில் பொய். “நல்லா சாப்பிடுது.” கொஞ்சம் சிரித்தார்.

9-8, செவ்வாய்

துரையின் மார்பெலும்பு கையில் தட்டுகிறது. மறுபடி காதர் பாய். இந்த முறை சிரிக்கவில்லை. கூடை முன் குந்தி வெகுநேரம் பார்த்தார்.

புறாவில் ஆணும் பெண்ணும் மாற்றி மாற்றி உட்காருமாம். ஆள் வந்தால்தான் எழுந்து இரைக்குப் போகுமாம்.

“இதுக்கு ஆளு பவுலு அண்ணன்தான். அவரு வந்து உக்காருவாருன்னு பாத்துகினு பட்டினி கெடக்குது.”

எனக்குச் சட்டென்று புரிந்தது. அடுத்த ஷிப்டுக்காரன் வராமல் கிரேனை விட்டு இறங்கக் கூடாது. எத்தனை நாள் இவர் அப்படி மாட்டிக்கொண்டு, சோறு ஆறி, கண் சிவந்து வந்திருக்கிறார்.

பாய் போன பின் கூடைக்குள் கையை விட்டேன். கடி. ரத்தம். எடுக்கவில்லை. மறுபடி கடி. மாதாவே என்று முட்டை மேல் உள்ளங்கையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டேன். துரை தலையைச் சாய்த்து என் கையைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. மெல்ல எழுந்து, கால் மரத்தவர் போல நடந்து போய், கடலையைத் தின்றது. தண்ணீர் குடித்தது. இறக்கையை உதறியதில் அறை முழுக்க வெள்ளைத் தூள்.

நான் அழுதேன். கை எரிச்சலால் என்று வைத்துக்கொள்ளலாம்.

11-8, வியாழன்

காலை ஒரு முறை, மதியம் நெடுநேரம். ஜன்னலில் ஏறி வெயில் காய்கிறது, இறகு கோதுகிறது, எனக்கு விடுதலை தரும் அவசரமே இல்லை.

ஒரு கையால் தைக்க முடியாது. சும்மா உட்கார்ந்திருக்கிறேன். முட்டை முதலில் என் கையை விடச் சூடு, அப்புறம் எது கை எது முட்டை தெரிவதில்லை. ஹார்பரில் கப்பல் ஊதுகிறது. கூட்ஸ் வண்டி பெட்டி மேல் பெட்டியாக இடித்துக்கொண்டே போகிறது. கண் சொருகுகிறது. வீடு மெதுவாகக் கரையை விட்டு நகர்வது போல, தெருவும் கோயில் கோபுரமும் பின்னால் போவது போல. கூடையும் நானும் மட்டும் தண்ணீர் மேல். பயமே இல்லை. கோயிலில் திரிகால மணி அடித்தபோதுதான் விழித்தேன். துரை எதிரில் நின்றுகொண்டிருந்தது, எழுப்பாமல்.

என் பிள்ளையை நினைத்தேன். பெண். உயிரில்லாமல் பிறந்தது. ஞானஸ்நானம் பெறாததற்குக் கோயில் கல்லறையில் இடமில்லை என்று மூலக்கொத்தளம் இடுகாட்டுக்கு இவர் எடுத்துப் போனார். எனக்குக் காட்டவில்லை. பார்க்காவிட்டால் சீக்கிரம் மறந்துவிடுவாள் என்று நர்ஸிடம் சொன்னவர் இவர்தான். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சு இல்லை.

முட்டையில் ஒன்றுமில்லை, தெரியும். கை சூடாக இருக்கிறது.

15-8, திங்கள்

மாதா மோட்சத் திருநாள். கவுன்களை நேற்றே கொடுத்துவிட்டேன், ஒன்றில் பொத்தான் குறைவு.

பூசைக்குக் கிளம்பி முக்காடு போட்டாயிற்று. துரை எழுந்து வந்து என் காலடியில் நின்றது. முக்காட்டோடு உட்கார்ந்துவிட்டேன். பாட்டு இங்கே வரை கேட்டது. பூசை தவறியதற்குப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் என்னவென்று சொல்வது?

துரை இன்று கடிக்கவில்லை. விரலில் பழைய காயத்தை நாக்கால் தொட்டுப் பார்த்தது. கறுப்பு நாக்கு, உலர்ந்தது.

சனிக்கிழமை வீட்டுக்கு விடுகிறார்களாம். கிரேன் இனி இல்லை, கீழே வேலை தருவார்கள். இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

20-8, சனி

தூறல். வெளிச்சம் மங்கல். ரிக்‌ஷா வந்து நின்றது கேட்டது, எழ முடியவில்லை, என் கை கூடைக்குள். காதர் பாய் இவரைத் தாங்கிப் பிடித்து உள்ளே கொண்டு வந்தார்.

துரை கத்திக்கொண்டு ஓடி, மாவுக்கட்டில் அலகைத் தேய்த்து, சட்டையைப் பிடித்து ஏறி, காது மடலைக் கடித்தது. பிறகு இறங்கிப் போய் விட்ட இடத்திலிருந்து கடலை தின்றது. இவர் என் கையிலிருந்த தழும்புகளைப் பார்த்தார். எல்லாம் சொன்னேன். நம்ம துரையா என்று வாய்விட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாகிறது.

அப்புறம் சொன்னார், “இது பொரிக்காது ரீட்டா. எடுத்து கடாசிடு. ரெண்டு நாளு கத்தும், அப்பால மறந்துடும்.”

சொல்ல வேண்டும் என்று நான் நினைத்திருக்கவில்லை. வந்துவிட்டது.

“அன்னிக்கும் இதான் சொன்னீங்க.”

காதர் பாய் புறாவுக்குத் தீனி போடணும் என்று போய்விட்டார். ஓட்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இவர் ஊன்றுகட்டையைச் சுவரில் சாய்த்து, முக்காலியை இழுத்து, கட்டுப் போட்ட காலை நீட்டி, சிரமப்பட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். கூடையைத்தான் பார்த்தார், என்னை இல்லை.

“முடி நெறைய இருந்துச்சு,” என்றார். “மூக்கு உன்னோடது.”

விரல்கள் எப்படி இருந்தன என்று கேட்டேன். சொன்னார்.