மஞ்சள் மூடி

பிப்ரவரி 11

இரண்டு வார்டு துடைத்தேன். பேச்சுப் பயிற்சி அறையில் கண்ணாடி துடைத்தேன். கனைப்புக்கு டீ கொடுத்தேன். அதில் துப்பாமல் கொடுத்தேனே, அந்தப் பொறுமைக்கே எனக்கு ஒரு மெடல் குத்தலாம்.

கனைப்பு என்பது எங்கள் பிரிவின் தலைவருக்கு நான் வைத்த பேர். கனைக்காமல் ஒரு வார்த்தை வராது. ஊருக்கெல்லாம் பேச்சு கற்றுக்கொடுக்கிற பிரிவுக்கு இவர் தலைவர்!

என் தம்பி பெண்டாட்டி அவருக்குக் கீழே பதினொரு வருஷமாக வேலை பார்க்கிறாள். கிண்டலுக்கு டீச்சர் என்று கூப்பிடுவேன். பேச்சு போனவர்களை எல்லாம் பேச வைத்துவிடுவாள். என் பேச்சை நிறுத்தத்தான் அவளுக்குத் தெரியவில்லை.

வெளிநாட்டு வேலைக்கு எழுதிப்போட்டிருக்கிறாள். அவள் படிப்பை அங்கே இருக்கிற குழு ஒப்புக்கொள்ள வேண்டும். என்னென்ன வேலை, எத்தனை மணி நேரம் பார்த்தாள் என்று தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாவற்றுக்கும் போட்டவர் விழுங்கும் பயிற்சிக்கு மட்டும் மாட்டேன் என்றுவிட்டார். பக்கவாதம் வந்தவர்களுக்குப் புரையேறாமல் குடிக்கக் கற்றுத்தருகிற வேலை அது. அது இல்லாவிட்டால் குழு ஏற்காது.

“அதெல்லாம் நான் பாத்த கேஸும்மா. ஃபைல்ல என் பேர்தானே இருக்கு?”

பேர் இருக்கிறது. எச்சில் ஒழுகும் என்று அவர் அந்தக் கட்டில் பக்கமே வந்ததில்லை. பதினொரு வருஷமும் பக்கத்தில் தட்டு பிடித்து நின்றவள் நான்.

பிப்ரவரி 12

ஜூன் ஒன்பதாம் தேதி டீச்சருக்கு நாற்பது முடிகிறது. அதற்குள் குழுவின் கடிதம் வராவிட்டால் விசாவில் வயதுக்குத் தருகிற புள்ளி குறைந்துவிடும். அப்புறம் எந்த ஜென்மத்திலும் போக முடியாது.

“விடுங்க அண்ணி, இங்கயே இருந்துட்டுப் போறேன்.”

“இரு, இரு. எனக்குக் கால் அமுக்க ஆள் வேணாமா?”

சிரித்தாள். பாத்ரூம் போனாள். வரும்போது மூக்கு சிவந்திருந்தது.

உன்னை விடமாட்டேன்டா கனைப்பு.

பிப்ரவரி 20

அவர் நாற்காலியின் சக்கரம் ஒன்றைக் கழற்றி வைத்தேன். அன்றைக்குப் பார்த்து ஆள் லீவு. உட்கார்ந்து விழுந்தது கம்பவுண்டர். பாவம், நல்ல மனுஷன்.

இந்தச் சில்லறை வேலையெல்லாம் போதாது.

மார்ச் 3

ஆஸ்பத்திரியின் தரம் பார்க்க வெளியிலிருந்து மூன்று பேர் பத்தொன்பதாம் தேதி வருகிறார்கள். ஃபைலில் யார் பேர் இருக்கிறதோ அவரே நோயாளிக்குச் செய்துகாட்ட வேண்டுமாம். கனைப்பு டீச்சரைக் கூப்பிட்டு, “அன்னிக்கு நீ பக்கத்துல இரும்மா” என்றார்.

“அன்னிக்கு எனக்கு இங்கிலீஷ் பரீட்சை சார்.”

தட்டு துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்த தட்டையே மூன்று தடவை துடைத்தேன். அவ்வளவு சந்தோஷம்.

மார்ச் 18

எழுதக் கூடாது. ஆனாலும் எழுதுகிறேன்.

தட்டில் எப்போதும் இரண்டு குவளை இருக்கும். ஒன்றில் பொடி போட்டுக் கெட்டியாக்கிய தண்ணீர், குடிக்க. இன்னொன்றில் சும்மா தண்ணீர், துணி நனைத்து வாய் துடைக்க. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், சாய்த்தால்தான் தெரியும். அதனால் கெட்டித் தண்ணீருக்கு மஞ்சள் மூடி போடுவோம்.

நாளைக்கு மூடி போடப் போவதில்லை. எந்தக் குவளை என்று அவர் முழிக்கட்டும். மூன்று பேர் முன்னால் என்னிடம் கேட்கட்டும். அது போதும் எனக்கு.

மார்ச் 19

அவர் கேட்கவில்லை.

கனைத்தார். கையில் அகப்பட்ட குவளையை எடுத்தார். சும்மா தண்ணீர். கட்டிலில் பக்கவாதம் வந்த ஒரு டிரைவர், பச்சைக் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார்.

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஒரு வாய் போகட்டும் என்று நின்றேன். நான்தான் நின்றேன். ஏன்டி நின்றாய்?

போயிற்று. டிரைவருக்கு முகம் கறுத்து, கண் பிதுங்கி — நர்ஸ் ஓடிவந்து குழாய் வைத்து உறிஞ்சினாள். அப்புறம்தான் கத்தினேன். “ஐயோ சார், அது வெறும் தண்ணி! கெட்டித் தண்ணிதான் குடுக்கணும்!”

வந்தவர்களில் ஒரு அம்மா திரும்பினாள். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தினமும் நான்தாங்க கலக்குறேன். குடுக்குறது எங்க வீட்டுப் பொண்ணு. இந்த சார் இந்தக் கட்டில் பக்கம் வந்து நான் பாத்ததே இல்லைங்க.”

கனைப்பு வாயைத் திறந்தார். கனைப்பும் வரவில்லை, பேச்சும் வரவில்லை.

மார்ச் 21

டிரைவருக்குக் காய்ச்சல் நூற்று மூன்று. அன்றைக்கு உள்ளே போன தண்ணீரால் நெஞ்சில் சளி.

மார்ச் 22

அவர் சம்சாரம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “நீங்க மட்டும் கத்தலேன்னா எங்க வீட்டுக்காரர் போயிருப்பாருக்கா.”

“என் தொண்டைக்கு இங்க எல்லாரும் பயப்படுவாங்கம்மா” என்றேன். ஜோக்கு! அந்த நேரத்திலும் எனக்கு ஜோக்கு வருகிறது.

மார்ச் 26

காய்ச்சல் இறங்கிவிட்டது. ஊசியிலேயே கிடந்து டிரைவர் மூன்று கிலோ இளைத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியை நடத்துகிற பெரிய மேடம் நர்ஸ்களை எல்லாம் கூப்பிட்டு விசாரித்தார். டீச்சரின் விழுங்கும் பயிற்சி மணி நேரத்துக்கு அவரே கையெழுத்துப் போட்டார், சீல் வைத்து. கனைப்பைத் தலைவர் பதவியிலிருந்து எடுத்தாகிவிட்டது. இனி மற்றவர்களோடு கட்டில் கட்டிலாகப் போக வேண்டும். கேட்டதும் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஒரே ஒரு நாள் அந்தக் கட்டில் பக்கம் வந்திருந்தால், மூடி எங்கே என்று கனைப்பு கேட்டிருப்பார். நான் மாட்டியிருப்பேன்.

மார்ச் 27

டீச்சர் அந்தக் கட்டில் பக்கம் தினமும் வந்திருக்கிறாளே.

சாப்பிடும்போது கேட்டாள். “அன்னிக்கு ரெண்டு குவளையும் திறந்தே இருந்துச்சாம். மூடி எங்க அண்ணி?”

“விழுந்திருக்கும்.”

“அது திருகு மூடி.”

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். தம்பி நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தான். “என்ன, ரெண்டு பேரும் மௌன விரதமா?” அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

ஏப்ரல் 15

டீச்சர், கேட்டால் மட்டும் பதில் சொல்கிறாள். உப்பு வேண்டுமா என்றால் வேண்டும் என்கிறாள்.

உனக்காகத்தானே செய்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அது பாதிதான் நிஜம். அந்த ஆள் முழிக்கிறதை நான் பார்க்க வேண்டும் என்று இருந்தது. இப்போதும் அவர் எச்சில் துணியோடு போவதைப் பார்த்தால் உள்ளே குளிர்கிறது. என்ன ஜென்மமோ நான்.

மே 28

கடிதம் வந்துவிட்டது. ஒப்புக்கொண்டார்கள். தம்பி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவள் அறை வாசலில் போய் நின்றேன். “என்ன டீச்சர், வெளிநாட்டுக்காரங்களுக்கும் வாய் திறக்கக் கத்துக்குடுக்கப் போறியா?”

துணி மடித்துக்கொண்டே சொன்னாள். “எத்தனை தடவை பெரிய மேடம் ரூம் வரைக்கும் போய்ட்டுத் திரும்பி வந்துட்டேன் தெரியுமா அண்ணி? சொன்னா உங்களுக்கு வேலை போயிடும். சொல்லாம அந்த டிரைவர் மூஞ்சியப் பாக்க முடியல.”

கடைசியில் என் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஜூன் 2

நோயாளிகள் பக்கம் வேண்டாம், சலவைப் பகுதிக்கு மாற்றுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. வெகு நேரம் யோசித்து, முட்டி வலி என்று எழுதினேன். டீச்சரிடம் காட்டினேன். முழுதும் படித்தாள். பேனாவை வாங்கி எழுத்துப் பிழைகளை மட்டும் திருத்திக் கொடுத்தாள்.