மாமல்லபுரம் நுழைவாயிலில் என் தாயார் சொன்னது பொய்யல்ல

அனுப்புநர்:
ரூபிணி த/பெ சன்னாசி,
எண் 27, ஜாலான் மெலாத்தி 3,
தாமான் மெலாத்தி, ஈஜோக்,
கோல சிலாங்கூர்.

பெறுநர்:
உயர்திரு அதிகாரி அவர்கள்,
சுற்றுலா நிறுவனங்களுக்கான உரிமப் பிரிவு,
ஷா ஆலம், சிலாங்கூர்.

பொருள்: வான்மதி பயணச் சேவை நிறுவனம் என் தாயாரின் கடப்பிதழைத் (பாஸ்போர்ட்டை) தடுத்து வைத்து, அவரால் வாசிக்க முடியாத மொழியில் கையெழுத்து வாங்கிய மன்னிப்புக் கடிதத்தைச் செல்லாததென அறிவிக்கவும், ஆலய அறிவிப்புப் பலகையிலிருந்து அகற்றவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இம்மனுவைத் தமிழில் எழுதி, மலாய் மொழிபெயர்ப்பை நானே செய்து இணைத்துள்ளேன். தங்கள் கோப்புக்கு மலாய்ப் பிரதி மட்டுமே போதும் என்பதை அறிவேன். ஆனால் இம்மனுவில் என் தாயார் நவமணியும் கையெழுத்திடுகிறார். அவர் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். தாம் கையெழுத்திடும் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதை இம்முறை அவரே வாசித்து அறிய வேண்டும்.

1. இவ்வாண்டு மார்ச் 8 முதல் 16 வரை மேற்படி நிறுவனம் நடத்திய தமிழ்நாட்டு யாத்திரையில் நானும் என் தாயாரும் கலந்துகொண்டோம். சென்னையில் இறங்கி, காஞ்சிபுரம், மாமல்லபுரம், சிதம்பரம், தஞ்சாவூர், மதுரை, இராமேசுவரம் பார்த்துவிட்டுத் திருச்சியிலிருந்து திரும்புவதாக ஏற்பாடு. ஈஜோக், தஞ்சோங் காராங், கெர்லிங் ஆகிய இடங்களிலிருந்து நாற்பத்தொரு பேர் சென்றோம். நிறுவனத்தின் சார்பில் திரு. திலீப் என்பவர் எங்களை வழிநடத்தினார். எல்லா இடங்களுக்கும் உரிய நுழைவுச் சீட்டுகள் கட்டணத்தில் அடங்கும் என்று அவர்களுடைய துண்டறிக்கையிலேயே அச்சாகியுள்ளது (இணைப்பு அ).

2. என் தாயாரைப் பற்றிச் சிறிது கூற வேண்டியுள்ளது. அவர் 1960இல் கோல சிலாங்கூர் தோட்டம் ஒன்றின் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். பிறப்பைப் பதிய, கண்காணியான மண்டோர் மறந்தாரா, பதியவே யாரும் போகவில்லையா என்பது இன்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் அவரிடம் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. பிறந்த நாட்டில் நிரந்தரவாசியாகவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். குடியுரிமைக்கு ஐந்து முறை விண்ணப்பித்தார். மலாய்மொழி நேர்காணலுக்கு நான்தான் அவருக்குப் பயிற்சி கொடுத்தேன். தேசிய கீதத்தைக் குளியலறையில் பாடிப் பழகினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு குடிமக்களுக்கான நீல அட்டை கிடைத்தது. அன்றிலிருந்து எதிர்வீட்டுக்குச் சீனி கேட்டுப் போவதானாலும் அந்த அட்டை இல்லாமல் அவர் போவதில்லை. இந்த யாத்திரைதான் அவர் கடப்பிதழ் எடுத்துப் போன முதல் பயணம்.

3. சென்னை விமான நிலையத்துக்கு வெளியே, தங்கும் விடுதியில் காட்ட வேண்டும் என்று கூறித் திரு. திலீப் எல்லோருடைய கடப்பிதழ்களையும் வாங்கிக்கொண்டார். விடுதியில் காட்டிய பிறகும் திருப்பித் தரவில்லை. “எங்கிட்டயே இருக்கட்டும், நீங்க தொலைச்சிருவீங்க” என்றார். யாரும் மறுக்கவில்லை. தாள்களைத் தோட்டத்து எழுத்தரான கிராணி வைத்திருப்பதும், அவர் விரல் வைத்த இடத்தில் நாம் கையெழுத்துப் போடுவதும் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. பட்டம் பெற்றவளாகிய நானும் கொடுத்தேன். ஏன் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

4. மார்ச் 9ஆம் தேதி காலை மாமல்லபுரம் போகும் வழியில் அவர் பேருந்தின் ஒலிபெருக்கியில் எங்களுக்கு ஒரு பயிற்சி அளித்தார். அங்கே இந்தியருக்கு ஒரு கட்டணம், வெளிநாட்டவருக்கு அதைவிடப் பல மடங்கு கட்டணம். அவர் கூறியதை நினைவில் உள்ளபடி எழுதுகிறேன்: “கேட்ல யாராச்சும் எந்த ஊருன்னு கேட்டா திருச்சின்னு சொல்லுங்க. மலேசியான்னு வாயத் தொறக்காதீங்க. லா போட்டுப் பேசாதீங்க.” கெர்லிங்கைச் சேர்ந்த திரு. சேது, பணத்துக்கு நாம் சொல்லும் மலாய்ச் சொல்லை எடுத்து, “டுயிட்டுன்னும் சொல்லக் கூடாதா லா?” என்று கேட்க, பேருந்தே சிரித்தது. நானும் சிரித்தேன். என் தாயார் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தூங்குகிறார் என்று நினைத்தேன்.

5. நுழைவாயிலில், திரு. திலீப் வாங்கியிருந்த இந்தியருக்கான சீட்டுகளைச் சரிபார்த்த ஊழியர் சிலரை மட்டும் நிறுத்தி ஊரைக் கேட்டார். எனக்கு முன்னால் போன திரு. சேது திருச்சி என்றார். அடுத்து என்னைக் கேட்டார்.

நானும் திருச்சி என்றேன்.

ஐயா, இவ்வரியைத் தாங்கள் கவனிக்க வேண்டும் என்பதற்காகவே தனியாக எழுதியுள்ளேன். அந்த வாசலில் பொய் சொல்லப்பட்டது உண்மை. அதைச் சொன்னவர்களுள் நானும் ஒருத்தி.

எனக்குப் பின்னால் என் தாயார் வந்தார். “எந்த ஊரும்மா?” என்று ஊழியர் கேட்டார். “மலேசியா. கோல சிலாங்கூர்” என்று என் தாயார் பதில் கூறினார். அத்துடன் நிற்காமல், கடப்பிதழ் கையில் இல்லாததால், கைப்பையைத் திறந்து தம் நீல அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். இந்தியாவில் அந்த அட்டைக்கு எந்த மதிப்பும் இல்லை என்பது அவருக்குத் தோன்றவில்லை. ஊர் கேட்டால் அதைக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே அவருக்குத் தெரியும்.

திரு. திலீப் ஓடிவந்தார். “அம்மா தமாஷ் பண்றாங்க சார், வயசாயிருச்சி” என்றார். அதற்கு என் தாயார், “வயசாயிருச்சிதான். ஊரு மாறல” என்றார். ஊழியர் அட்டையை இரு பக்கமும் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். “இதுக்கு வேற டிக்கெட்டும்மா” என்று மட்டும் சொல்லி, உள்ளே போன எங்களையும் வெளியே அழைத்தார். அவர் தம் கடமையைச் செய்தார். அவர்மீது எனக்குக் குறை எதுவும் இல்லை.

6. உரிய சீட்டுகளை வாங்கியிருந்தால் விஷயம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். திரு. திலீப் வாங்கவில்லை. ஒன்றரை மணி நேரம் வெயிலில் நின்று, வேலிக்கு வெளியிலிருந்து கற்கோயில்களைப் பார்த்துவிட்டுப் பேருந்தில் ஏறினோம். அவர் மீண்டும் ஒலிபெருக்கியை எடுத்தார். “இந்தம்மா பெரிய சத்தியவான். இவங்க ஒரு ஆளால நாப்பது பேரு சிலையப் பாக்கல. எல்லாரும் கை தட்டுங்க” என்றார். சிலர் தட்டினார்கள். என் தாயார் மடியில் இருந்த கைப்பையின் வாரை இறுகப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

7. சிதம்பரத்திலும் தஞ்சாவூரிலும் எங்களுடன் யாரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை. இராமேசுவரத்தில் தீர்த்தங்களுக்குக் குழுவாக வரிசை பிடித்தபோது, “சத்தியவான் தனியா போகலாம்” என்று எங்களை விலக்கி நிறுத்தினார்கள். நாங்கள் தனியாகவே போனோம். இருபத்திரண்டு தீர்த்தங்களிலும் குளித்தோம். யாழ்ப்பாண வழிவந்தவரும் ஓய்வுபெற்ற ஆசிரியையுமான திருமதி கமலாதேவி மட்டும் குழுவை விட்டு எங்களோடு வந்தார். ஈரச் சேலையைப் பிழிந்தபடி, “நானும் திருச்சி எண்டுதான் சொன்னனான், பிள்ளை. பிள்ளையளுக்குப் படிப்பிச்ச வாய் இது” என்று என்னிடம் கூறினார். அவருடைய சாட்சிக் கடிதம் இணைப்பு ஆ.

8. மார்ச் 16ஆம் தேதி திருச்சி விமான நிலையத்தில் திரு. திலீப் கடப்பிதழ்களைத் திருப்பிக் கொடுத்தார். பலருடைய குடிநுழைவுப் படிவங்களை நிரப்பிக் கொடுக்கும்படி என்னைக் கேட்டிருந்ததால் நான் சற்றுத் தள்ளி இருந்தேன். என் தாயாருக்கு மட்டும் கடப்பிதழைத் தராமல், ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ஒரு தாளை நீட்டி, “இங்க சைன் போட்டாத்தான் புக்கு” என்றிருக்கிறார். கடப்பிதழைப் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்து என்று என் தாயார் எண்ணினார். விமானத்துக்கு அழைப்பும் வந்துவிட்டது. அவர் விரல் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார். அருகில் நின்ற திருமதி கமலாதேவி இதைப் பார்த்திருக்கிறார்.

9. அத்தாளின் நகல் இணைப்பு இ. அதன் சாரம் இது: நவமணி ஆகிய நான், வழிநடத்துநரின் அறிவுறுத்தலை மீறி, பயணக் குழுவின் குடியுரிமை குறித்து வேண்டுமென்றே தவறான தகவல் அளித்தேன்; அதனால் குழுவுக்கு ஏற்பட்ட இழப்புக்கு நானே பொறுப்பு; மன்னிப்புக் கேட்கிறேன்.

தாங்கள் இதை ஒருமுறை நிதானமாக வாசிக்க வேண்டுகிறேன். அந்த வாசலில் ஊரைக் கேட்கப்பட்டு உண்மையைச் சொன்ன ஒரே மனிதர் என் தாயார். தவறான தகவல் அளித்தவர் என்று தாளில் இருப்பது அவர் பெயர் மட்டுமே. தம் குடியுரிமைக்காக ஐம்பது ஆண்டுகள் காத்திருந்த ஒருவர் அதைப் பற்றியே பொய் சொன்னதாக அவருடைய கையெழுத்துடன் ஒரு தாள் இருக்கிறது. அதை நான் ஏற்க மாட்டேன்.

10. ஏப்ரல் முதல் வாரத்தில் அத்தாளின் நகல், என் தாயாரின் அடையாள அட்டை எண்ணுடன், எங்கள் ஆலய அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. அடுத்த யாத்திரைக்குப் போகிறவர்களுக்கு எச்சரிக்கையாக இருக்கட்டும் என்று நிறுவனம் கேட்டுக்கொண்டதாக ஆலயச் செயலவையினர் கூறுகின்றனர். இன்றும் அது அங்கேதான் உள்ளது. திருவிழாச் சமையலுக்குக் காய்கறி நறுக்க ஆண்டுதோறும் என் தாயாரை அழைப்பவர்கள் இவ்வாண்டு அழைக்கவில்லை. அவர் வெள்ளிக்கிழமைகளில் ஆலயத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. அந்தப் பலகையைக் கடந்துதான் போகிறார். ஒருநாள் நான் அதைக் கிழிக்கக் கை நீட்டினேன். “நீ கிழிச்சா நம்ம மேல தப்புன்னு ஆயிடும். ஒட்டுனவனே வந்து எடுக்கட்டும்” என்று தடுத்துவிட்டார்.

11. நிறுவனத்துக்கு இருமுறை எழுதினேன். “உங்க அம்மாவே சைன் பண்ணிட்டாங்க, அப்புறம் என்னா லா? மேல பேசுனா லாயர் லெட்டர் வரும்” என்பதே கிடைத்த பதில் (இணைப்பு ஈ). மே 11ஆம் தேதி திரு. திலீப் மற்றோர் ஆங்கிலத் தாளுடன் எங்கள் வீட்டுக்கே வந்தார். இனி எங்கும் புகார் செய்வதில்லை என்று அதில் கையெழுத்திட்டால் பழைய தாளை எடுத்துவிடுவதாகக் கூறினார். என் தாயார் அவருக்குத் தேநீர் கொடுத்தார். பிறகு, “தமிழ்ல எழுதி எடுத்துட்டு வா தம்பி. படிச்சிப் பாத்துட்டு, போடாம இருக்கேன்” என்று கூறி அனுப்பிவிட்டார்.

12. ஆகவே, அந்த மன்னிப்புக் கடிதம் செல்லாது என்று எழுத்து மூலம் அறிவித்து, அதன் மூலப்பிரதியை என் தாயாரிடம் ஒப்படைக்க நிறுவனத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். பலகையில் உள்ளதை ஒட்டச் சொன்னவர்களே வந்து அகற்ற வேண்டும். அதே இடத்தில், அதே அளவில், என் தாயார் உண்மையையே கூறினார் என்று தமிழில் எழுதி, தங்கள் முத்திரையோடு அவர்களே ஒட்ட வேண்டும். பயணிகளைத் தங்கள் நாட்டை மறைத்துப் பேசப் பழக்குவதும், பிறருடைய கடப்பிதழைப் பிடித்து வைத்துக் கையெழுத்து வாங்குவதும் உரிமம் பெற்ற நிறுவனத்துக்குத் தகுமா என்பதையும் தாங்கள் விசாரிக்க வேண்டும். கட்டிய பணத்தில் ஒரு வெள்ளி கூட நாங்கள் திருப்பிக் கேட்கவில்லை. பணத்தைக் கொடுத்து இதை முடித்துக்கொள்ளலாம் என்று நிறுவனம் தங்களிடம் கூறுமானால், அதை நாங்கள் மறுத்துவிட்டதாகவே பதிவு செய்யுங்கள்.

ஐயா, அரசு அலுவலக முகப்பில் என் எண்ணை அழைத்தாலே எனக்குக் குரல் எழும்பாது. புக்கிட் பெருந்துங் தொழிற்சாலையில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். கூட்டங்களில் இதுவரை நான் கை உயர்த்தியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். எழுதுவதால் நேரில் வர மாட்டேன் என்று தாங்கள் எண்ணிவிட வேண்டாம். ஜூன் 13ஆம் தேதிக்குள் தங்கள் பதில் கிடைக்காவிட்டால், 16ஆம் தேதி திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு நாங்கள் இருவரும் தங்கள் அலுவலக முகப்பில் இருப்போம். அன்றைக்கு விடுப்பு எடுத்துவிட்டேன். நடந்ததை என் தாயாரே மலாயில் தங்களிடம் கூறுவார். அவருக்காக நான் பேசப்போவதில்லை. அன்று நான் வாய் திறந்து சொல்ல வேண்டியது என்னுடைய பொய்யை மட்டுமே. அதைச் சொல்வேன், தாங்கள் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்து,

ரூபிணி த/பெ சன்னாசி
(மனுவை எழுதியவர்)

நவமணி
(முழுவதும் வாசித்த பின் கையெழுத்திட்டவர்)

இடம்: ஈஜோக், கோல சிலாங்கூர்
நாள்: 19 மே 2025

இணைப்புகள்:
அ. நிறுவனத்தின் துண்டறிக்கை
ஆ. திருமதி கமலாதேவியின் சாட்சிக் கடிதம்
இ. மன்னிப்புக் கடிதத்தின் நகலும் ஆலய அறிவிப்புப் பலகையின் படமும்
ஈ. நிறுவனத்தின் பதில்
உ. இம்மனுவின் மலாய் மொழிபெயர்ப்பு