ஐந்து சலவைக்குப் பிறகு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். நீயும் உன் மீட்புக் குழுவினரும் கைகால் பத்திரமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். உங்கள் முகாமில் சிக்னல் கிடைக்காததும் ஒரு வகையில் நல்லதுதான். போன் என்றால் "சாப்பிட்டியா, தூங்கினியா" என்பதோடு முடிந்துபோகும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை மேலே வரும் சாமான் வண்டியின் புண்ணியத்தில் நாலு வரி எழுத முடிகிறது.

அம்மாவின் முழங்கால் பரவாயில்லை. மாடிப்படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதற்கு, "அப்ப என் பையன் மட்டும் மலை ஏறலாமா?" என்று அவரையே மடக்கிவிட்டாள். உன் மருமகளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. அதனால் ஒரு வாரமாக வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள்.

எங்கள் மழைக்கோட்டுக் கம்பெனி கைமாறிவிட்டது. பழைய முதலாளியின் பிள்ளைகளுக்கு இதில் நாட்டமில்லை. வெளியூர்க்காரர்கள் வாங்கிவிட்டார்கள். உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா, வந்தவர்கள் நல்ல மாதிரியாகத்தான் இருக்கிறார்கள். தையல்காரர்களுக்கு முதுகு சாய்கிற நாற்காலி போட்டுவிட்டார்கள். பத்தொன்பது வருடமாகத் தாழ்ப்பாள் இல்லாமல் இருந்த கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வந்துவிட்டது. பழைய முதலாளி அந்த ஒரு தாழ்ப்பாளுக்கு எங்களை எத்தனை முறை மனுப்போட வைத்தார் என்பது உனக்கே தெரியும். ஜிப்பும் முன்பைவிட வழுவழுப்பாக ஓடுகிறது. கோட்டின் நெஞ்சில் தைக்கும் மலை அடையாளம் அதேதான். கொஞ்சம் பெரிதாகவே தைக்கிறோம்.

என் சோதனை மேசையில்தான் சின்ன மாற்றம். முன்பெல்லாம் ஒன்றாகத் தைத்து வரும் ஒவ்வொரு தொகுதியிலும் ஐந்து கோட்டுகளை எடுத்து ஐந்து முறை துவைத்துக் காயவைத்து, அப்புறம்தான் நீர்ச் சோதனை. தையல் இருக்கும் இடத்தை வளையத்தில் இறுக்கிப் பிடித்து, அடியிலிருந்து தண்ணீரை இருபது நிமிடம் அழுத்துவோம். மேலே ஒரு சொட்டு எட்டிப் பார்த்தாலும் தொகுதி முழுவதும் திரும்பிப் போய்விடும். இப்போது தொகுதிக்கு ஒன்று போதுமாம், துவைக்க வேண்டாமாம், இரண்டு நிமிடம்தானாம். தையல் துளை வழியே தண்ணீர் புகாமல் இருக்க உள்பக்கம் ஒட்டுகிற பட்டையும் வேறு இடத்திலிருந்து வருகிறது. மேற்பார்வையாளரிடம் கேட்டேன். "மெஷின் பச்சை விளக்கு காட்டுதுல்ல, அப்புறம் உங்களுக்கு என்னக்கா கவலை?" என்றார்.

உங்கள் குழுவுக்கான நாற்பது கோட்டுகளும் போன மாதமே கிளம்பின. வந்துவிட்டனவா? போட்டுப் பார்த்தாயா? சும்மாதான் கேட்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டாம் பக்கத்தைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்பது கோட்டிலும் கழுத்துப்பட்டைக்கு உள்ளே என் பதினான்காம் எண் சோதனை முத்திரை இருந்தது என்றும், "இது எங்க அக்கா நம்பர், கண்ணை மூடிக்கிட்டுப் போடலாம்" என்று எல்லோரிடமும் காட்டினாய் என்றும் எழுதியிருக்கிறாய். பழைய கோட்டை முகாம் நாய்க்கு விரித்துப் போட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறாய்.

தம்பி, முதலில் அந்த நாயிடமிருந்து கோட்டை வாங்கிக்கொள். வேடிக்கைக்காக எழுதவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் விற்பனைக் கடையில், உங்களுக்கு அனுப்பிய அதே தொகுதியில் மிஞ்சிய கோட்டு ஒன்று இருந்தது. அதை வாங்கி வந்து வீட்டு மெஷினில் ஐந்து முறை துவைத்தேன். பிறகு உன் மாமாவுக்குப் போட்டுவிட்டுக் குளியலறையில் ஷவருக்கு அடியில் நிறுத்தினேன். அவர் முதலில் மாட்டேன் என்றார். பிறகு, "ஞாயித்துக்கிழமை குளிக்க வைக்கிறதுக்கு இப்படி ஒரு வழியா?" என்று முனகிக்கொண்டே நின்றார். அம்மா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். பன்னிரண்டாவது நிமிடத்தில் உன் மாமா, "தோள்ல சில்லுனு ஏறுது" என்றார். கழற்றிப் பார்த்தால் இடது தோளில் பனியன் நனைந்து ஒட்டியிருக்கிறது. உள்ளே பட்டையின் முனையை நகத்தால் நெம்பினேன். பழைய நோட்டுப் புத்தகத்து லேபிள் போல நீளமாக உரிந்து வந்துவிட்டது. அம்மா ஸ்டூலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாளே கோட்டை எடுத்துக்கொண்டு புது மேலாளரிடம் போனேன். என்னை உட்காரச் சொல்லி, முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். "ஒரு கோட்டை வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. நம்ம கோட்டை வாங்குறவங்கள்ல பாதிப் பேர் மலையைப் படத்துலதான் பார்க்கிறாங்க. பஸ் ஸ்டாப் வரைக்கும் நனையாம இருந்தா அவங்களுக்குப் போதும்" என்றார். என் தம்பி பஸ் ஸ்டாப்பில் நிற்கவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்க்கலாம்" என்றார்.

இப்போதைக்கு இதை உன்னோடு வைத்துக்கொள். உங்கள் தலைவரிடம் போய், அக்கா சொன்னாள் என்று ஆரம்பித்துவிடாதே. இந்த மேசையைவிட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. உன் மாமாவின் ஒர்க் ஷாப்பும் வாரத்தில் மூன்று நாள்தான் திறக்கிறது. நீ மட்டும் பழையதைப் போட்டுக்கொள். புதியதை நனைகிற இடத்துக்குக் கொண்டுபோகாதே. வேறு யாராவது கேட்டால் அளவு சரியில்லை என்று சொல்.

உன் அக்கா

*

அன்புள்ள தம்பிக்கு,

போன கடிதத்தில் "நீ மட்டும்" என்று எழுதினேன். வண்டி கிளம்பிப் போன பிறகுதான் அந்த வார்த்தை என்னைக் குத்த ஆரம்பித்தது. உன் பதில் அதைவிட அதிகமாகக் குத்தியது. "மத்த முப்பத்தொன்பது பேருக்கும் வீடு இல்லையாக்கா?" என்று ஒரே வரி. திட்டி நாலு பக்கம் எழுதியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். உங்கள் நாற்பது கோட்டுகளில் நான் சோதித்தது ஒன்றே ஒன்றுதான். அதுவும் துவைக்காமல், இரண்டு நிமிடம். மீதி முப்பத்தொன்பதிலும் வரிசையாக முத்திரை குத்தினேன். லாரி வாசலில் நின்றது, மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்றார் என்றெல்லாம் சொல்லலாம். ஆனால் குத்தியது என் கைதான். குத்தும்போதே அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தேன். பசை சரியில்லை என்று விரலுக்குத் தெரிந்தது. விரலுக்குத் தெரிந்ததை வாய் சொல்லவில்லை. இவை உன்னிடம்தான் வரப்போகின்றன என்பதும் அப்போது எனக்குத் தெரியும்.

இந்த வாரம் மேலாளரிடம் மறுபடியும் போனேன். பழைய முறைப்படி, அதே பட்டை ஒட்டிய ஐந்து கோட்டு, ஐந்து சலவை, இருபது நிமிடம், உங்கள் கண் முன்னால் செய்கிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றார். ஐந்தில் மூன்று ஒழுகின. மூன்றாவதில் சொட்டு வந்தபோது, அவர் அதை விரலால் தொட்டுப் பார்த்தார். கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அடுத்த தொகுதிக்குப் பட்டையை மாத்திடறேன். அனுப்பினது அனுப்பினதாவே இருக்கட்டும். நீங்க எதையும் எழுத்துல வைக்காதீங்க" என்றார். அந்த மனிதர் மோசமானவர் இல்லை. அவருக்கும் மேலே யாரோ இருக்கிறார்கள். ஆனால் அனுப்பியது அனுப்பியதாக இருக்க முடியாதே.

அதனால் எழுத்தில் வைத்துவிட்டேன். இந்த உறையில் இன்னொரு கடிதம் இருக்கிறது. அது உங்கள் தலைவருக்கு. எந்தத் தொகுதி, எத்தனை கோட்டு, எப்படிச் சோதித்தேன், எப்படிச் சோதிக்கவில்லை என்று என் பெயரும் எண்ணும் போட்டுக் கையெழுத்திட்டிருக்கிறேன். நீயே கொண்டுபோய்க் கொடு. அதன் நகலை மேலாளர் மேசையிலும் வைத்தேன். அன்று சாயங்காலமே என் முத்திரையை வாங்கிக்கொண்டார்கள். தகவல் வரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். தையல் பகுதியைத் தாண்டி வரும்போது யாரும் தலை நிமிரவில்லை. நாற்காலி கொடுத்தவர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்ததாலோ, தங்களுக்கும் பட்டை சரியில்லை என்று தெரிந்ததாலோ, எனக்குத் தெரியவில்லை.

உன் மாமா, "நல்லதுதான், நாளைக்கு டீ நீயே போடு" என்றார். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் வானொலியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சனிக்கிழமையிலிருந்து மேல் மலைப்பகுதியில் நாலு நாள் விடாத மழை, பிறகு பனி என்று சொல்கிறார்கள். சாமான் வண்டி வியாழக்கிழமை கிளம்புகிறது. ஓட்டுநரிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன், வழியில் எங்கும் நிற்காமல் இதை உன் கையில் கொடுக்கும்படி. "எத்தனை தடவைம்மா சொல்லுவீங்க" என்று அலுத்துக்கொண்டார்.

வெள்ளிக்குள் இது உனக்குக் கிடைக்க வேண்டும். கிடைத்ததும் பதில் எழுத உட்காராதே. கடிதத்தைத் தலைவரிடம் கொடு. நாற்பதையும் கழற்ற வை. சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். யாரையாவது தேடி நீங்கள் ஏற்கெனவே கிளம்பியிருந்தால், இந்தக் கடிதம் உன் கட்டிலின் மேல் கிடக்கும். அந்த நினைப்பு வரும்போதெல்லாம் எழுந்து போய் எதையாவது துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்மேல் உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும், குறைத்துக்கொள்ள வேண்டாம். மழை விட்டதும் கீழே இறங்கி வந்து, எதிரில் உட்கார்ந்து, வாய் வலிக்கும்வரை என்னைத் திட்டு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச மாட்டேன். நீ வந்தால் போதும்.

உன் வரவை எதிர்பார்த்திருக்கும்
அக்கா