வெறும் என்ஜின் சத்தம்

வெள்ளவத்தை, வெள்ளிக்கிழமை.

லாப்பில ஹைட்ரஜன் என்ஜின் இண்டைக்கும் வெடிச்சுது. காத்து உள்ள வாற வால்வு மூட முதல் ஹைட்ரஜனை விட்டால் அது குழாயிலேயே பத்தத்தான் செய்யும். மூடினாப்பிறகு நேரே சிலிண்டருக்குள்ள விடுவம் எண்டு எத்தினை தரம் சொல்லியிருப்பன். எங்கட சிங்களப் புரொபெசர் கேட்டால்தானே.

சத்தத்துக்கு வாசல் சென்றியில காவல் நிண்ட ஆமிக்காரர் ஓடி வந்தாங்கள். என்ரை ஐடென்ரிற்றி கார்ட்டை மட்டும் வாங்கினாங்கள். தமிழ்ப் பெயரைப் பார்த்ததும் பையையும் கொட்டச் சொன்னாங்கள். குண்டில்லை, வெறும் என்ஜின் சத்தம் எண்டு நான் சிங்களத்தில சொன்னது எடுபடேல்லை.

அவங்கள் போனபிறகு புரொபெசர், "கொஞ்ச நாளைக்கு லாப்புக்கு வராதையும், உமக்குத்தான் கரைச்சல்" எண்டார். நல்ல மனுசன்தான், அதுதான் இன்னும் எரியுது. நாளைக்கும் தன்ரை முறையிலதான் ஓட்டுவார். திரும்பவும் வெடிக்கும். நான் இல்லாதபடியால் அது வெறும் என்ஜின் சத்தமாத்தான் இருக்கும்.