அம்மாவின் கம்ப்யூட்டரில் என்ன பிராசசர்

அன்புள்ள சின்னுவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் ஏதோ இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருந்தால் அதுவே எங்களுக்குப் பாதி மருந்து. அம்மாவுக்குத் தொண்டை ஆபரேஷன் புண் ஆறிவிட்டது, குழைவாகக் கொடுத்தால் சாப்பிடுகிறாள், ஆனால் குரல் இனித் திரும்பாது என்று டாக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார்.

உனக்கு அம்மா அனுப்பிய பழைய வாய்ஸ் மெசேஜ்களை வைத்து, அவள் டைப் செய்வதை அவள் குரலிலேயே பேசும் புரோகிராம் இருக்கிறது, முதலில் கம்ப்யூட்டரில் என்ன பிராசசர் என்று பாருங்கள் என்றாயே, பார்த்தேன். பெட்டியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் தேய்ந்து வெளுத்துப் போயிருந்தது. உள்ளே எழுதியிருக்கும் என்று ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்தேன், அம்மா முதுகில் ஒன்று வைத்து என்னை நகர்த்திவிட்டாள். ஆபீஸ் வேலையெல்லாம் அதில் பார்த்தவள் அவள்தானே. செட்டிங்ஸுக்குள் போய் சிஸ்டம், அதில் கடைசியாக இருந்த அபவுட், அதை அழுத்தியதும் பிராசசர் என்று போட்டு எதிரே பெயரும் நம்பரும் வந்துவிட்டன. இவ்வளவுதானா என்றேன். அவள் சிரித்தாள், சத்தமே வரவில்லை.

அதை எழுதிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போனேன், சார் இது ரொம்பப் பழசு, அந்த புரோகிராம் இதுல ஓடாது, புதுசு எடுத்துடுங்க என்றார் கடைக்காரர். எடுத்துவிடலாம் என்று வந்து சொன்னேன். அம்மா திரையில் பெரிய எழுத்தாக டைப் செய்தாள், வேண்டாங்க, அந்தக் குரல் வந்தா நீங்க பெட்டியத்தான் பாப்பீங்க, என்னப் பாக்க மாட்டீங்க என்று. எனக்கு அந்தக் குரல் வேணும்டி என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டு வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள். அன்றைக்கு இரண்டு பேருக்குமே சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் புது கம்ப்யூட்டர் எதுவும் அனுப்பாதே. கோபித்துக்கொள்ளாதே கண்ணு, நீ எவ்வளவு தேடி அலைந்திருப்பாய் என்று தெரியும். அந்த மெசேஜ்களை மட்டும் அழித்துவிடாமல் வை, என்றைக்காவது எனக்கு வேண்டியிருக்கும். வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, மாப்பிள்ளையிடம் எரிந்து விழாதே. இரண்டு பேரும் நிறைவாக வாழ வேண்டும், அதைத் தவிர எங்களுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இனிமேல் கூப்பிடும்போது முகம் தெரிகிற மாதிரி கூப்பிடு, மறந்துவிடாதே. அம்மா வாயசைப்பதை அவசரப்படாமல் பார்த்தால் புரிகிறது. உன் பெயர்தான் எனக்கு முதலில் புரிந்தது.

உன் அப்பா